தொட்டுப் பார்க்காத இரண்டு நாள்

சோப்பு ஸ்டாண்ட் நான்காவது தடவையாக விழுந்தது.

சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து அம்மா, "போச்சா?" என்றாள்.

"போச்சு."

அண்ணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே கேட்டான். "என்ன விஞ்ஞானி, இந்தத் தடவை எவ்வளவு நேரம் நின்னுது?"

பதினொரு மணி நேரம், இருபது நிமிடம். குறித்து வைத்திருக்கிறேன்.

மாலை வகுப்பில் தினமும் ஏதாவது எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு எழுத விஷயம் ஏது? சோப்பு ஸ்டாண்டைப் பற்றியே எழுதுகிறேன். அதே ஆசிரியையிடம் அண்ணன் காலை வகுப்புக்குப் போகிறான். என்னைவிட மூன்று பாடம் முன்னால் இருக்கிறான். போன வாரம் ஆசிரியை என் தாளைத் திருப்பிக் கொடுத்து, "கையில தெம்பே இல்லையே. ஏன் இப்படிப் பயந்து பயந்து எழுதறீங்க?" என்றார்.

ஸ்டாண்ட் விஷயத்திலும் பயம்தான்.

பதினைந்து நாளுக்கு முன் அண்ணன் குளித்துக்கொண்டிருந்தபோது அது முதல் தடவை விழுந்தது. சோப்பு காலடியில் போய், அவன் வழுக்கி, நெற்றியில் மூன்று தையல். உள்ளே தாழ் போட்டிருந்தான். நானும் அம்மாவும் வெளியே நின்று கத்தக் கத்த, அவன் எழுந்து திறப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அன்றிலிருந்து அம்மா அவனைத் தாழ் போட விடுவதில்லை. அவன் குளித்து முடிக்கும்வரை கதவோரமே நின்று, நிமிடத்துக்கு ஒரு தடவை "இருக்கியாப்பா?" என்பாள்.

முப்பத்திரண்டு வயது ஆள் உள்ளேயிருந்து, "இருக்கேன்மா, கரைஞ்சு போயிடல," என்பான். முதல் நாள் சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு சிரிக்கவில்லை. போன வாரம் இரண்டு நாள் குளிக்கவேயில்லை.

அதைப் பார்த்துத்தான் அம்மா இறங்கிவந்தாள். ஸ்டாண்ட் முழுசாக இரண்டு நாள் விழாமல் நின்றால் தாழ் போட்டுக்கொள்ளலாம்.

சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். முதுகில் இரண்டு ரப்பர் கப் வைத்த இந்த ஸ்டாண்டுதான் எங்களுக்குக் கதி. டைல்ஸை வினிகர் போட்டுத் துடைத்து ஒட்டினேன், விழுந்தது. ரப்பரை வெந்நீரில் ஊறவைத்து ஒட்டினேன், விழுந்தது. எதுவும் வைக்காமல் ஒரு நாள் வெறுமனே விடும்படி ஸ்டாண்ட் வந்த அட்டையில் போட்டிருந்தது. லீவு நாளாகப் பார்த்து அதையும் செய்தாயிற்று. இனி கோளாறு என் கையில்தான் இருக்க வேண்டும்.

அண்ணன் எழுந்து வந்தான். உள்ளங்கையைச் சுவரில் வைத்து மெல்லத் தடவினான்.

"சுவரு வழவழன்னுதான் இருக்கு. நீ எத்தனை தடவை இழுத்துப் பார்த்த?"

"மணிக்கு ஒரு தடவை."

அவன் புருவத்தை உயர்த்தினான்.

"சரி, ரெண்டு தடவை. லேசாத்தான்."

"அப்போ அது விழல. நீ பிடுங்கியிருக்க."

அடுப்படியில் அம்மா சிரித்தாள்.

"நீ சிரிக்காதம்மா," என்றான். "நீயும் இதே கேஸுதான்."

ஐந்தாவது தடவை ஒட்டும்போது பக்கத்திலேயே நின்றான். "அழுத்து. இன்னும். பாதியில கையை எடுக்காத." ரப்பருக்குள் இருந்த காற்று புஸ்ஸென்று வெளியேறியது.

அதன் பிறகு நான் தொடவில்லை. குளியலறை வாசல்வரை ஏழு தடவை போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பினேன். குளிக்கும்போதுகூட எதிர்ச் சுவரைப் பார்த்தே குளித்தேன். "உள்ள போய் என்னடி பண்ற?" என்று அம்மா காவலுக்கு நின்றாள்.

இன்று மாலை கெடு முடிந்தது. ஸ்டாண்ட் நின்றுகொண்டிருந்தது.

அதில் சோப்பை வைத்தேன். பக்கத்தில் ஒரே அளவில் இரண்டு பாட்டில்கள். ஒன்று தலைக்கு, ஒன்று உடம்புக்கு. வகுப்பில் செய்த சின்னச் சீட்டு ஒன்றை ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்தேன்.

அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"இருக்கி..." என்று ஆரம்பித்த அம்மா, வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பேரும் மேசைக்குப் போய் உட்கார்ந்தோம்.

தண்ணீர் விழுந்தது. நின்றது. அப்புறம் ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விஞ்ஞானி!"

எழுந்தே விட்டேன்.

"சீட்டுல புள்ளியெல்லாம் ரொம்ப மழுங்கலா இருக்கு. விரல்ல தட்டுப்படவே மாட்டேங்குது. இன்னும் அழுத்திக் குத்தணும்!"

"படிக்க முடியலையா?"

"படிச்சிட்டேன், படிச்சிட்டேன். ஷாம்பு!"

மறுபடி தண்ணீர் விழுந்தது. கூடவே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுப்பதும் கேட்டது. அவனுக்குப் பார்வை போன இந்த ஒன்பது மாதத்தில் அவன் பாடி நாங்கள் கேட்டதில்லை.

தடித்த பிரெயில் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இன்றைய பக்கத்தை அழுத்தி அழுத்திக் குத்துகிறேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் அவன் இதைப் படிக்க வேண்டும்.

குத்திய புள்ளிகளை ஒரு தடவைகூடத் தடவிப் பார்க்கவில்லை.