உருப்படியில் சேராத சட்டை

சின்னவள் தலையைத் தூக்காமல் வெள்ளைக் கோட்டின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காதெல்லாம் இஸ்திரிக் கடையின் முன்பக்கம்தான்.

அங்கே கல்லாவில் அவளுடைய ஓரகத்தி, பெரியவள். எதிரே நர்ஸம்மா. தேய்த்து வைத்த மூட்டையை அவிழ்த்துப் பார்த்தவர், குழந்தைச் சட்டை ஒன்று குறைகிறது என்றார். மஞ்சள் சட்டை.

பெரியவள் மசியவில்லை. குழந்தைத் துணி உருப்படியில் சேராது, கூட வந்தால் சும்மாவே தேய்த்துத் தருவோம், எண்ணாத துணிக்கு எங்களிடம் கணக்கேது என்று அடித்துப் பேசினாள்.

அது கடை வழக்கம்தான். நர்ஸம்மாதான் வாராவாரம் அதையும் ஒரு உருப்படியாகப் போடச் சொல்லி மல்லுக்கு நிற்பார். பெரியவள் போடமாட்டாள். சும்மா கிடைப்பது கசக்குதாக்கும் என்று அவர் போனதும் நொடிப்பாள். அழுக்கே படாத சட்டை அது. அவங்க வீட்டு மகாராசா தரையில் காலே வைக்கமாட்டார் போல என்று இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

எண்ணாததை எடுத்தால் திருட்டா என்ன? அப்படி நினைத்துத்தான் சின்னவள் அதை எடுத்தாள். தன் பிள்ளைக்குப் புதுசாக ஒன்று வாங்கிப்போட வழியில்லை. இப்போது ஓரகத்திக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். தேய்த்த காலரையே திரும்பத் தேய்த்தாள்.

"ஒரு சின்னச் சட்டைக்கு இத்தனை பேச்சாம்மா? பிள்ளைக்கு வேற வாங்கிக் குடுங்க" என்றாள் பெரியவள்.

நர்ஸம்மா குரலை உயர்த்தவில்லை.

"உருன்னா உருவம்மா. உருவமா கையில இருக்கிறதை எண்ணத்தான் உருப்படின்னு சொல்றோம். எம்பிள்ளையோடதுன்னு உருவமா மிஞ்சினது அந்தச் சட்டை மட்டும்தான். அதையும் நீங்க எண்ணமாட்டேங்கிறீங்க."

பெரியவள் அலமாரிப் பக்கம் திரும்பி, துணிகளைப் புரட்டித் தேட ஆரம்பித்தாள்.

சின்னவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மேசைக்கடியில் துணிக்கூடையில் துண்டு போர்த்தித் தூங்கிய பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு நர்ஸம்மா முன்னால் வந்து நின்றாள். பிள்ளை போட்டிருந்த மஞ்சள் சட்டையின் பொத்தானைக் கழற்றப் போனாள்.

நர்ஸம்மா சட்டையையும் பிள்ளையையும் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கழட்டாத. தூங்குற பிள்ளை."

பெரியவளுக்குக் கேட்கும்படி, "தேட வேண்டாம்மா. உருப்படியெல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு மூட்டையோடு படியிறங்கினார்.

சின்னவள் வாசல்வரை ஓடினாள்.

"அம்மா, எண்ணாத துணிதானேன்னு நெனச்சு நான்…"

"சின்னவளே, இங்க ஆளு வந்து நிக்குது பாரு" என்று உள்ளேயிருந்து பெரியவள் கூப்பிட்டாள்.