பொன்னரளிக்குள் ஒரு தேனீ

நெடுநாள் பூக்காமலே நின்ற வீட்டுத் தோட்டத்துப் பொன்னரளியில், அந்த இளவேனிலில் இரண்டு பூக்கள் மலர்ந்தன. மாலையில் எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த தேனீ ஒன்று மூத்த பூவிடம், "தாயே, சற்று ஒதுங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டது.

"அப்பால் போடி! காலையில் சிவபூசைக்குப் போக வேண்டியவள் நான். நீ வாய்வைத்தால் எச்சிலாகிவிடுவேன்" என்றது அது.

இளைய பூவோ, "நீ இங்கே வா அம்மா" என்று இதழ் விரித்தது.

"பைத்தியக்காரி! இனி உன்னை யார் பறிப்பார்கள்?"

"பறிக்காவிட்டால் போகிறது அக்கா. பாவம், நடுங்குகிறாளே."

விடிந்ததும் வீட்டம்மாள் மூத்த பூவைப் பறித்துக் குடலையில் இட்டாள். இளைய பூவை நோக்கி நீண்ட கை, உள்ளே உறங்கும் தேனீயைக் கண்டு நின்றது. குடலையை மெல்லத் தரையில் வைத்துவிட்டு, அவள் அங்கேயே கைகூப்பினாள்.