சுருட்டுக்குக் காவல்

"சுருட்டுக்கு ஏ.சி. போட்டுப் படுக்க வெச்ச மனுஷனை நீ எங்கேயாவது பாத்திருக்கியா? உங்க தாத்தாதான்!"

அம்மா நாற்காலி மேல் ஏறி நின்று பரணிலிருந்து பழைய தேவதாரு மரப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். மகன் கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை. முதலாளி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சுருட்டுகள் சாப்பாட்டு மேஜை மேல் கிடந்தன. அடுத்த மாதம் அவனுடைய மாமனார் வருகிறார், அவருக்குக் கொடுக்கலாம். ஆனால் வெளியே வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. அதுவரை இவற்றை எங்கே வைப்பது?

"ஃப்ரிட்ஜ்ல வெச்சிடவாம்மா?"

"வை. உங்க மாமனார் பத்த வெச்சதும் வெங்காய வாசனை வரட்டும். இந்த வீட்டுல சுருட்டு வளர்த்தவ நான் இருக்கேன், என்னைக் கேளு."

கூடத்துச் சாய்வு நாற்காலியில் செய்தித்தாளை முகத்தில் போர்த்தியபடி டாக்டர் மாமா சாய்ந்திருந்தார். தாத்தாவின் சிநேகிதர், பல் டாக்டர். பல வருடம் மகளோடு வெளியூரில் இருந்துவிட்டு, போன மாதம்தான் எதிர் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்.

"நீ அப்போ வயித்துல. ஏழாம் மாசம். கால் ரெண்டும் தூண் மாதிரி வீங்கிக் கெடக்கு. உங்கப்பா கப்பல்ல, கரைக்கு வந்தாத்தான் போன். மாமியார் இல்லாத வீடு. மாடி ரூம்ல ஃபேன் அனலைச் சுத்திச் சுத்தி நம்ம மேலயே ஊத்தும். இருந்த ஒரே ஏ.சி. கீழே தாத்தா ரூம்ல."

"தாத்தா ஒண்ணுமே கேக்கலையா?"

"அவரா? என் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை பேசினதில்லை. எது சொல்றதா இருந்தாலும் சுவர்க் கடிகாரத்தைப் பாத்துத்தான் சொல்லுவார். கால் எப்படி இருக்குன்னு அதுவரைக்கும் கேட்டதில்லை. ஒருநாள் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னார். 'வெயில் ஏறிப்போச்சு. சுருட்டு வெந்துடும். இனிமே இது என் ரூம்லதான் இருக்கும். ஏ.சி.யை அணைக்கக் கூடாது. உள்ளே ஈரத்துக்கு வெச்ச பஞ்சு காயாம யாராவது கூடவே படுத்துப் பாத்துக்கணும்'னார். வீட்டுல யாராவதுன்னா யாரு? நானும் அந்தக் கடிகாரமும்தான்!"

மகன் சிரித்தான். அவனுக்கு இந்தக் கதை மனப்பாடம். இருந்தாலும் இந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடிந்ததில்லை.

"அவர் எங்கே படுத்தார்?"

"கூடத்துல. கையில விசிறி. தான் வெந்தாலும் சுருட்டு வேகக் கூடாது. நான் வயித்தைத் தூக்கிக்கிட்டு எழுந்து எழுந்து பஞ்சை நனைச்சேன். எத்தனை தடவை நனைச்சாலும் அது காஞ்சு போகும். நாலு பேர் கூடினா அவரை வெச்சுக்கிட்டே இதைச் சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. அவரும் கடிகாரத்தைப் பாத்துச் சிரிச்சுக்குவார்."

அவள் பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

வாசனை எழுந்தது. ஆள் போன பிறகும் வீட்டைக் காலி செய்யாத வாசனை. அவள் உள்ளே காய்ந்து கிடந்த பஞ்சை எடுத்தாள்.

"ஆனாலும் ஒரு மருமகளைவிட சுருட்டு ஒசத்தியாப் போச்சே அந்த மனுஷனுக்கு," என்றாள் பிறகு. இத்தனை வருடம் சிரித்துச் சொன்ன கதையின் அடியில் சிரிக்காத வரி அதுதான்.

பஞ்சைத் தண்ணீரில் நனைத்தாள். "போ, என் ரூம் ஏ.சி.யைப் போடு."

கூடத்தில் செய்தித்தாள் சரசரத்தது.

"என்னம்மா காரியம் பண்றே? சுருட்டையா ஏ.சி. ரூம்ல வைக்கப் போறே?"

"உங்க சிநேகிதர் வழக்கம்தான் மாமா."

"அவனா! எனக்குச் சுருட்டைப் பாதுகாக்கக் கத்துக்குடுத்தவனே அவன்தான். 'டேய், ஏ.சி. காத்து ஈரத்தை உறிஞ்சிடும். மூடி சரியா மூடாத என் பெட்டிக்கு மாடிப்படி அடியில இருக்கிற இருட்டு அலமாரிதான் சொர்க்கம்'பான். வருஷம் பூரா அங்கேதான் இருக்கும்."

"ஆனா அந்த வருஷம்..."

"அந்த ஒரு வருஷம்தான் ஏ.சி. ரூமுக்குப் போச்சு. மழை வந்ததும் ஆளுக்கு ஒண்ணு எடுத்தோம். அத்தனையும் சருகு. தொட்டா உதிருது. பொன்னு மாதிரி வெச்சிருந்த சரக்கு! உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்குன்னு கேட்டேன்."

பஞ்சிலிருந்து தண்ணீர் மேஜையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிழிய மறந்திருந்தாள்.

"என்ன சொன்னார் மாமா?"

"கீழ ரூம்ல போய்ப் படுன்னு உன் புருஷன் போன்ல அவ்வளவு கெஞ்சினானாமே. பெரியவர் ரூமைப் பிடுங்கிக்க மாட்டேன்னு நீ ஒரே பிடியா நின்னியாம். நெஜமா?"

அவள் மெல்லத் தலையசைத்தாள். அவள் சொல்லும் கதையில் அந்தப் பகுதி ஒருநாளும் வந்ததில்லை.

டாக்டர் மாமா, ஏ.சி. போடப் போனவன் அறை வாசற்படியிலேயே நின்றுவிட்டதைப் பார்த்தார். அவனை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

"'போகட்டும்டா, பெட்டிக்குள்ள இருந்ததுதானே காஞ்சுது? காவலுக்கு இருந்த பொண்ணு வாடலையே'ன்னான்."