தாரை நீர்

மார்புப் புற்றுநோய்க்குப் பிறகு கோமளவல்லி தினமும் விழுங்கும் மாத்திரையால் அவள் உடம்பு நினைத்த நேரத்தில் கொதித்தது. “மண்டபத்துல ஹோமம் வேண்டாம்மா, உனக்குத் தாங்காது” என்று மகள் தேன்மொழி எவ்வளவோ கெஞ்சினாள். “தீ வளர்க்காம கல்யாணமாடி?” என்று அதட்டியவள் இவள்தான். மாப்பிள்ளையின் கைமேல் மகளின் கையை வைத்துக் கணவர் காத்திருந்தார். தாரை வார்க்கக் கோமளவல்லி செம்பைத் தூக்கியபோது நெஞ்சிலிருந்து அனல் முகத்துக்கு ஏறியது. மறுநொடி செம்பு அவள் தலைமேல் கவிழ்ந்திருந்தது. மேளம் நின்றது. “சம்பந்தியம்மா இங்கயே குளிச்சிட்டாங்கப்பா!” என்று யாரோ சிரித்தார்கள். தேன்மொழி கையை எடுக்கவில்லை. “இப்ப சில்லுன்னு இருக்காம்மா?” என்று மட்டும் கேட்டாள். கோமளவல்லியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஈர முந்தானையை இரண்டு கைகளாலும் திரட்டி, மகளின் கைமேல் மெல்லப் பிழிந்தாள். பட்டின் அரக்குச் சாயத்தோடு நீர் இறங்கியது.