மூன்றாவது சுற்றுத் தேநீர்

"ஊத்துடி! அந்தக் கடைசியில உக்காந்திருக்கிற பெரியவருக்கு யாரு ஊத்துவா, நானா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் சூராவின் அதட்டலைக் கேட்டு எல்லோரும் திரும்பினோம். மருமகள் பெர்மெத் பெரிய ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். காரிலிருந்து இறங்கும்போது நன்றாகத்தான் இருந்தாள். இப்போது கை நடுங்கியது.

டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த வரிசையில் பதினான்கு பேர். எங்கள் பக்கம் தேநீர்க் கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தால் 'எழுந்து போ' என்று அர்த்தம். இரண்டு வாய்தான் ஊற்ற வேண்டும், குடித்ததும் மறுபடி ஊற்ற வேண்டும். பதினான்கு பேருக்கும் இது மூன்றாவது சுற்று.

"போதும்மா, வயிறு முட்டிடுச்சு" என்றேன்.

"குடிங்கம்மா. அவளுக்கென்ன, சின்ன வயசுதானே?" என்றாள் சூரா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"உடம்பு யாருக்கு சரியில்ல, உங்களுக்கா?"

"அவளுக்குத்தான். கை காலில பலமில்ல. பத்து மாசமாச்சு, என்ன நோய்னே தெரியல. தலைநகர் பிஷ்கெக்ல இருக்கிற பெரிய டாக்டரைப் பார்க்கணும்னா இங்க சீட்டு எழுதித் தரணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சுமா இப்படி வேலை வாங்கறீங்க? மருமகளா, பொதி சுமக்கிற கழுதையா?"

எழுந்து ஃபிளாஸ்கை வாங்கப் போனேன். பெர்மெத் கொடுக்கவில்லை.

"வேணாம்க்கா. இன்னும் நாலு பேருதான்."

மாமியார் மேல் அவ்வளவு பயம், பாவம்!

ஃபிளாஸ்க் காலியானது. "கீழ போய் வெந்நீர் பிடிச்சிட்டு வா" என்றாள் சூரா. இரண்டு மாடி! பெர்மெத் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது ஒரு கண்ணிமை பாதி மூடியிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அடுத்தது நான் என்பதால் கதவிலேயே நின்றுகொண்டேன். கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"டாக்டர், இந்தம்மா இவ்வளவு நேரமா அந்தப் பொண்ணைப் போட்டு வாட்டி எடுத்தாங்க!"

"கையைத் தூக்கும்மா" என்றார் டாக்டர்.

கை பாதியிலேயே விழுந்தது. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கண்ணையே திறக்க முடியல, இவகிட்டயா வேலை வாங்கினீங்க? நீங்கல்லாம் மனுஷிதானா?"

சூரா வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

பெர்மெத் குழறிக் குழறிப் பேசினாள்.

"அத்தையைத் திட்டாதீங்க டாக்டர். என்னை வேலை வாங்க மாட்டேன் மாட்டேன்னு அழுதவங்களை நான்தான் கெஞ்சி ஒத்துக்க வெச்சேன். முன்ன இங்க வந்த மூணு தடவையும் என்னைக் கார்ல படுக்க வெச்சு, அலுங்காம கூட்டிட்டு வந்தாங்க. ஓய்வெடுத்தா ஒரு மணி நேரம் நல்லாயிருப்பேன். அப்ப பார்த்துட்டு, 'நோயெல்லாம் இல்ல, வீட்டு வேலைக்குச் சோம்பல்'னு எழுதி அனுப்பினது நீங்கதான். இந்தக் கைக்கு மறுபடி தெம்பு வர்றதுக்குள்ள சீட்டை எழுதிடுங்க."