தண்ணீர் உருண்டை

நினைவு திரும்பாத நோயாளிகளை ஸ்கேன் எடுப்பது என் வேலை. உள்ளே போகிறவர் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுப்போம். பயந்தால் அழுத்தலாம், மணியடிக்கும், வெளியே எடுத்துவிடுவோம். இவர்கள் யாரும் அழுத்தியதில்லை. ஆனாலும் கொடுப்பது விதி.

படம் குவாண்டம் கணினிக்குப் போகும். ஆயிரக்கணக்கான மூளைகளைப் பார்த்துப் பழகியது அது. உள்ளே ஆள் இருக்கிறாரா என்று ஆயிரம் தடவை சோதிக்கும். எத்தனை தடவை 'ஆம்' வந்ததோ, அதுதான் முடிவு.

கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தினமும் காலையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருண்டை ஒன்றை முதலில் படமெடுப்போம். அதற்கு எப்போதும் பூஜ்யம்தான்.

திங்கட்கிழமை மூன்று வந்தது. புதன்கிழமை நானூற்றுப் பன்னிரண்டு.

பொறியாளர் பூன் கியாட் எல்லாவற்றையும் சோதித்தார். பழுதில்லை. "ஸலேஹாக்கா, அதுக்கும் ஒரு கோப்பி வாங்கிக் குடுங்க," என்று சிரித்தார்.

மதியம் சுவீ லியான் ஆன்ட்டி வந்தார். அவர் கணவர் எட்டு மாதமாக எங்களிடம் படுத்திருக்கிறார்.

"இன்னிக்காவது ஏதாச்சும் வந்துச்சா?"

"பூஜ்யம்தான் ஆன்ட்டி."

"மெஷின் சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு," என்றேன்.

வியாழக்கிழமை உருண்டைக்கு ஆயிரம் வந்தது. பூன் கியாட் சிரிக்கவில்லை. "கொட்டிட்டு வேற தண்ணி ஊத்திடலாமாக்கா?" என்று கேட்டார். இருவருமே நாற்காலியை விட்டு எழவில்லை.

இன்று காலை உருண்டையை உள்ளே தள்ளும் முன், அதன் பக்கத்தில் ரப்பர் பந்தை வைத்தேன். அழுத்தத்தான் அதற்குக் கை இல்லை.