கதவில் வெள்ளைத் துணி

கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கம் வந்ததால், சுனாமிக்குப் பயந்து தீவு மொத்தமும் குன்றின் மேல் ஏறி நின்றது. வீட்டைக் காலி செய்தவர்கள் கதவில் வெள்ளைத் துணி கட்டிவிட்டு வர வேண்டும். துணி இல்லாத வீட்டுக்குள் மீட்புப் படை போய்த் தேட வேண்டும். இது தன் சொந்த யோசனை என்று தீவு அதிகாரி மூச்சிரைப்புக்கு நடுவிலும் ஒலிபெருக்கியில் நினைவூட்டினார்.

பிறகு பைனாகுலரில் பார்த்தார். "தெருவே வெள்ளையா இருக்கு, பாத்தியா?" என்றார் மனைவியிடம்.

கடல் வெகுதூரம் உள்வாங்கி, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.

மனைவி பைனாகுலரை வாங்கினாள். "என்னங்க, நம்ம வீட்டுத் துணிய யாரோ அவுக்குறாங்க."

"காத்துல அவுந்திருக்கும்."

"காத்து மடிச்சா வைக்கும்?"

மீட்புப் படையிலிருந்த அவள் தம்பி தலைக்கவசத்தை மாட்டினான். "உங்க உத்தரவுதான் மாமா. துணி இல்லைன்னா இறங்கணும்." குன்றின் படிகளில் இறங்கி ஓடினான்.

"யாருன்னு நல்லாப் பாருடி!"

"நீங்கதாங்க. அதே தொப்பை" என்றாள். குரலில் கிண்டல் இல்லை.

மைத்துனன் பாதிப் படிகளைத் தாண்டியிருந்தான். அவனைத் திருப்பி அழைக்க அதிகாரி ஒலிபெருக்கியைத் தூக்கினார். அவர் வாய் திறப்பதற்குள், கீழே தெருவிலிருந்து அவருடைய குரல் கணீரென்று வந்தது. அதில் மூச்சிரைப்பு இல்லை.

"ஆபத்து நீங்கிவிட்டது. எல்லோரும் இறங்கி வரலாம்."

அவர் பேசி முடித்தால் கைதட்டுவது தீவின் பழக்கம். தட்டிவிட்டு, எல்லோரும் பைகளைத் தூக்கிக்கொண்டார்கள்.